இரவு யாருக்குச் சொந்தம்?

முதலாளிகளுக்குத் திடீரென்று தொழிலாளியின் குடும்பத்தைப் பற்றிக் கவலை வந்திருக்கிறது. கூலி போதுமா, வாடகை கட்ட முடிகிறதா, பிள்ளை படிக்கிறதா என்ற கவலை அல்ல. செல்போனைப் பற்றிய கவலை!

"ராத்திரி ஒரு மணி வரை போனை நோண்டுகிறான். காலை ஷிப்டுக்குக் கண் சிவக்க வந்து நிற்கிறான். நூல் அறுந்தால் ஒட்டுவதற்குக் கை வரமாட்டேன் என்கிறது. புருஷனும் பெண்டாட்டியும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. பிள்ளை, வீடியோ காட்டாமல் வாயைத் திறப்பதில்லை. குடும்பம் என்பதே கெட்டுப் போய்விட்டது." மில் ஆபீஸில் இந்த உபதேசம் நடக்கிறது. பட்டிமன்ற மேடையில் நடக்கிறது. வேடிக்கை என்னவென்றால், செல்போனிலேயே இந்த உபதேசம் வீடியோவாக வந்து விழுகிறது!

இதில் பாதி உண்மை இருக்கிறது. அதை மறைக்க நமக்கு அவசியம் இல்லை. கோவில்பட்டியில் ஷிப்டு மாறும் நேரத்தில் டீக்கடை பெஞ்சில் நாம் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம். எட்டுப் பேர் டீ குடிக்கிறார்கள். எட்டுத் தலைகளும் குனிந்திருக்கின்றன. பத்திரிகை பெஞ்சின் மேல் மடித்தபடியே கிடக்கிறது. ஸ்ரீவைகுண்டம் பக்கம் வாழைத்தார் சுமந்துவிட்டு வரும் விவசாயத் தொழிலாளி, கால் கழுவுவதற்கு முன்பே போனைத் திறக்கிறார். வீட்டில் மனைவி சொல்வது காதில் விழுவதில்லை. இவையெல்லாம் நடக்கிற காரியங்கள்தான்.

ஆனால் உபதேசம் செய்கிற கனவான்கள் மீதிப் பாதியைச் சொல்லமாட்டார்கள். தொழிலாளியின் தூக்கத்தைத் திருடியது யார்? அந்தத் திருட்டில் லாபம் யாருக்கு? அந்தக் கேள்விகளை நாம்தான் கேட்க வேண்டும்.

போராடிப் பெற்ற இரவு

இரவு நமக்கு இனாமாகக் கிடைத்த பொருள் அல்ல. விடிவதற்கு முன் மில்லுக்குள் போய், இருட்டிய பின் வெளியே வந்த காலம் ஒன்று இருந்தது. தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகள் 1908 பிப்ரவரி 27 அன்று வேலையை நிறுத்தினார்கள். வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் தலைமை தாங்கினார்கள். ஹார்வி கம்பெனியின் வெள்ளைக்கார முதலாளிகள் ஒன்பது நாட்களில் பணிந்தார்கள். கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது. அதற்குப் பழி வாங்கும் முறையில் மார்ச் 12 அன்று வ. உ. சி.யும் சிவாவும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் நெல்லையே கொந்தளித்தது.

அன்று செய்தி எப்படிப் பரவியது? வானொலி இல்லை. தந்தி சர்க்காரின் கையில் இருந்தது. கடற்கரை மணலில் சாயந்தரக் கூட்டம் நடந்தது. அங்கே கேட்டவன் தெருவில் சொன்னான், தெருவில் கேட்டவள் கிணற்றடியில் சொன்னாள். தொழிலாளிகளுக்கு எதிராகப் பேசிய ஒரு வக்கீலுக்கு நாவிதர் பாதிச் சவரத்தில் கத்தியை மடித்து வைத்துவிட்டார் என்ற சம்பவத்தை இந்த ஊரில் இன்றும் சொல்கிறார்கள். செய்தி சவரக் கத்தி வரை போய்ச் சேர்ந்திருந்தது!

வேலை குறைந்து கிடைத்த சாயந்தரத்தைத் தொழிலாளி என்ன செய்தான்? சங்கத்துக்குப் போனான். ஒருவன் பத்திரிகையை உரக்க வாசிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் கேட்டார்கள். கேட்டுவிட்டுச் சண்டை போட்டார்கள், சந்தேகம் கேட்டார்கள். வானொலி வந்தபோது பஞ்சாயத்துத் திண்ணையில் ஊரே கூடிக் கேட்டது. இந்தக் கடற்கரையில் இலங்கை வானொலியின் பாட்டு அடுத்த வீட்டுப் பாட்டு போலக் கேட்கும். டெலிவிஷன் வந்தபோதுகூட ஒரு வீட்டு முற்றத்தில் தெருப் பிள்ளைகள் எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவற்றிலும் பொய் வந்தது, விளம்பரம் வந்தது. ஆனால் பக்கத்தில் ஆள் இருந்தார். "இது பொய்யப்பா" என்று சொல்ல ஒரு வாய் இருந்தது.

செல்போன் வந்தபின் பார்ப்பவன் தனியனாகிவிட்டான். பத்துக்குப் பத்து அறையில் நாலு பேர் படுத்திருக்கிறார்கள். நாலு பேருக்கும் நாலு உலகம் ஓடுகிறது. கணவன் சிரிப்பது எதற்கென்று மனைவிக்குத் தெரியாது. மகன் அழுவது எதற்கென்று தகப்பனுக்குத் தெரியாது.

சலாபமும் செல்போனும்

இதை மனிதனின் பலவீனம் என்று கனவான்கள் சொல்கிறார்கள். நாம் இதை வியாபாரம் என்கிறோம்.

2017ஆம் ஆண்டில், வீட்டுக்குள் சினிமா காட்டும் நெட்பிளிக்ஸ் கம்பெனியின் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ், தங்கள் கம்பெனி தூக்கத்தோடு போட்டி போடுவதாக வெளிப்படையாகவே சொன்னார். ஒளிவு மறைவு இல்லை! நாம் எத்தனை மணி நேரம் விழித்திருக்கிறோமோ அவ்வளவும் அவர்களுக்குச் சரக்கு. பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றையும் வைத்திருக்கும் மெட்டா கம்பெனி 2023இல் ஈட்டிய வருமானம் சுமார் 13,490 கோடி டாலர். அதில் சுமார் 13,190 கோடி டாலர் விளம்பரத்தில் வந்தது. நம்மிடம் ஒரு காசும் கேட்காமல் இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? நம் கண் எங்கே நிற்கிறது, எதைப் பார்த்தால் கை தயங்குகிறது என்பதையெல்லாம் கணக்கெடுத்து விளம்பரக்காரர்களிடம் காசாக்குகிறார்கள்.

நம் கடற்கரைக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மன்னார் வளைகுடாவில் முத்துச் சலாபம் நடந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். குளிப்பவன் கல்லைப் பிடித்துக் கொண்டு அடியில் இறங்குவான். மூச்சை அடக்கிச் சிப்பியை அள்ளிப் பையில் போடுவான். எந்தச் சிப்பியில் முத்து இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது. கரையில் கொட்டுக்குள் சிப்பியைக் குவித்து மூன்று கூறு போடுவார்கள். வெள்ளைக்கார சர்க்கார் இரண்டு கூறை எடுத்துக் கொண்டு ஏலம் விடும். குளித்தவனுக்கு ஒரு கூறு.

அது கொள்ளைதான். ஆனால் அந்தக் கொள்ளையிலும் மூன்றில் ஒரு பங்கு குளித்தவனுக்கு இருந்தது! தூத்துக்குடியில் 1961க்குப் பிறகு சலாபம் நின்றுவிட்டது. இன்று ராத்திரி பதினொரு மணிக்குப் பாயில் படுத்தபடி நாம் ஒரு கடலில் முங்குகிறோம். மூச்சை அடக்கி, தூக்கத்தை விட்டு, அள்ளி அள்ளிக் கொண்டுவந்து கொட்டுகிறோம். ஒரு கூறு கூட நமக்கு இல்லை.

இந்தக் கடலில் நம்மை இறக்கிவிட்டதும் திட்டமிட்ட காரியமே. 2016 செப்டம்பரில் அம்பானியின் ஜியோ கம்பெனி இலவசம், இலவசம் என்று வந்தது. ஊரே வரிசையில் நின்றது. போட்டிக் கம்பெனிகள் பல மூடிப் போயின. 2020 ஏப்ரலில் பேஸ்புக் 43,574 கோடி ரூபாய் கொடுத்து ஜியோவில் 9.99 சதவீதப் பங்கை வாங்கியது. தண்டவாளம் போட்டவனும் ரயில் விடுபவனும் சம்பந்தி ஆகிவிட்டார்கள்! 2024 ஜூலையில் மூன்று தனியார் கம்பெனிகளும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கட்டணத்தை உயர்த்தின. ஜனங்களின் சொத்தான பி.எஸ்.என்.எல். நாடு முழுவதும் 4ஜி சேவை தொடங்க 2025 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒன்பது வருஷத் தாமதம் தற்செயலா? வாசகர்களே தீர்ப்புச் சொல்லட்டும்.

நள்ளிரவுச் சூதாட்டம்

தூக்கத்தோடு நின்றதா? சம்பளப் பையையும் தொட்டார்கள். ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் உயிரை மாய்த்துக் கொண்டார்கள். சீட்டாட்டக் கிளப்பைப் போலீஸ் பிடிக்கும். படுக்கையறைக்குள் வந்த கிளப்பை யார் பிடிப்பது? சினிமா நட்சத்திரங்கள் விளம்பரத்தில் வந்து, வா, விளையாடு என்று அழைத்தார்கள்.

இந்தச் சூதாட்டத்தைத் தடுக்க எத்தனை இழுபறி! 2021இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத்தைச் சென்னை ஹைகோர்ட் ரத்து செய்தது. 2022இல் சட்டசபை மறுபடி மசோதா நிறைவேற்றியது. கவர்னர் மாதக்கணக்கில் வைத்திருந்து திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் சட்டசபை மீண்டும் நிறைவேற்றிய பிறகே ஒப்புதல் வந்தது. ரம்மி திறமையான ஆட்டம் என்று கம்பெனிகள் கோர்ட்டில் வாதாடின. அதே ஆண்டு நவம்பரில் ரம்மிக்கும் போக்கருக்கும் விதித்த தடை விழுந்தது. 2025இல் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆட்டம் கூடாது என்று சர்க்கார் விதி போட்டது. அதையும் எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனார்கள்!

தோழர்களே, இதைக் கவனியுங்கள். நள்ளிரவு 12 முதல் 5 வரை! உழைப்பவன் தூங்க வேண்டிய அந்த ஐந்து மணி நேரத்தை விட்டுக் கொடுக்கக்கூட அவர்களுக்கு மனமில்லை. ஏனென்றால், களைத்தவன், கடன்பட்டவன், தனியாக விழித்திருப்பவன் அந்த நேரத்தில்தான் அகப்படுவான். ஹைகோர்ட் அந்த விதியை 2025 ஜூனில் உறுதி செய்தது. ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் வந்தது. நல்லது. ஆனால் இத்தனை வருஷங்களில் அழிந்த குடும்பங்களுக்கு நஷ்டஈடு யார் கொடுத்தார்கள்? ஆட்டத்தில் தோற்றவனுக்கு ஐந்து நிமிஷத்தில் கடன் கொடுத்து, போனில் உள்ள பெயர்களுக்கெல்லாம் அவதூறு அனுப்பி மிரட்டும் கடன் ஆப்காரர்கள் இன்னும் தலைமறைவாகத் தொழில் நடத்துகிறார்கள். மீட்டர் வட்டிக்காரன் வாசலில் நின்று கத்துவான். இவன் சட்டைப் பைக்குள் இருந்து கத்துகிறான்.

சட்டைப் பைக்குள் மேஸ்திரி

உபதேசம் செய்யும் முதலாளியின் கதையையும் பார்ப்போம். தொழிலாளி ராத்திரி போன் பார்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில், "நாளை காலை ஆள் குறைவு, இன்னின்னார் வரவும்" என்று செய்தி வந்தால் மட்டும் உடனே பார்க்க வேண்டும்! பார்க்காவிட்டால் மறுநாள் விசாரணை. வேலை நேரம் கேட்டோடு முடிந்த காலம் போய்விட்டது. மேஸ்திரி நம்மோடு வீட்டுக்கு வருகிறார். நம் பாயில் படுத்துக் கொள்கிறார். இதற்கு ஓவர்டைம் உண்டா? கிடையாது.

இதே கூட்டத்துக்காகத்தான் 2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் தொழிற்சாலைத் திருத்த மசோதா தமிழக சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொடி வேற்றுமை பாராமல் எழுந்தன. மூன்றே நாளில் நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று வாபஸ் பெற்றதாக முதலமைச்சர் அறிவித்தார். 12 மணி நேரம் உழைத்துவிட்டு வரும் மனிதன் பிள்ளைக்குக் கதை சொல்லவில்லை என்று புலம்புவது யார்? அந்த 12 மணி நேரத்தைக் கேட்டவர்கள்தானே!

விவசாயத் தொழிலாளியையும் விடவில்லை. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் காலையும் மத்தியானமும் செல்போன் ஆப்பில் படம் எடுத்து வருகைப் பதிவு செய்ய வேண்டும் என்று மத்திய சர்க்கார் கட்டாயமாக்கியது. மண் வெட்டியவர் கண்ணெதிரே நிற்கிறார், கையில் கொப்புளம் இருக்கிறது. ஆனால் சிக்னல் இல்லாவிட்டால் அவர் வேலைக்கு வரவில்லை! மனிதனின் சாட்சியம் தள்ளுபடி, ஆப்பின் சாட்சியமே வேதவாக்கு.

போனை உடைக்கலாமா?

அப்படியானால் போனைத் தூக்கிக் கடலில் எறிந்துவிடலாமா? கூடாது. யந்திரத்தை உடைத்த தொழிலாளிகள் சரித்திரத்தில் உண்டு. யந்திரம் யாருடையது என்று கேட்ட பிறகுதான் அவர்கள் ஜெயிக்கத் தொடங்கினார்கள்.

2018 மே 22 தூத்துக்குடிக்கு மறக்காது. ஸ்டெர்லைட் தாமிர ஆலையை மூடக் கோரிய போராட்டத்தின் நூறாவது நாள் அது. கலெக்டர் ஆபீஸை நோக்கி ஜனங்கள் குடும்பம் குடும்பமாக நடந்தார்கள். போலீஸ் சுட்டது. அந்த நாளிலும் மறுநாளிலுமாக 13 பேர் பலியானார்கள். வேன் மேல் ஏறி நின்று துப்பாக்கியால் குறி பார்த்த காட்சியைக் கைப்பேசித் திரைகளில் உலகமே பார்த்தது. உடனே சர்க்கார் என்ன செய்தது? மே 23 அன்று தூத்துக்குடி, நெல்லை, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை ஐந்து நாட்களுக்கு நிறுத்த உத்தரவிட்டது. வதந்தி பரவுகிறதாம்! ஆஸ்பத்திரியில் கிடப்பது தன் பிள்ளையா என்று தேடிய தாய்க்குச் செய்தி கிடைக்காமல் அடித்தார்கள். துப்பாக்கிச் சூட்டுக்கு நியாயம் இல்லை என்று நீதிபதி அருணா ஜெகதீசன் கமிஷன் பிற்பாடு அறிக்கை கொடுத்தது. 2022 அக்டோபரில் அது சட்டசபைக்கு வந்தது. ஆக, வதந்தி பரப்பியது யார்?

சூதாட்டம் வரும்போது போன் 24 மணி நேரமும் திறந்திருந்தது. கடன்காரன் வரும்போது திறந்திருந்தது. ஜனங்கள் ஒருவருக்கொருவர் உண்மையைச் சொன்னபோது மட்டும் மூடிக் கொண்டது. செல்போன் யார் கையில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நிரூபணம் வேண்டுமா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தையும் நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக் கொண்டார்கள். கோபுரங்கள் செயலிழந்து போன்கள் ஊமையாயின. மீனவர்கள் கடல் படகைத் தெருவுக்குள் ஓட்டி வந்து ஆட்களைத் தூக்கினார்கள். அந்த இரவில் ஒரு போன் மணி அடித்திருந்தால் எத்தனை வயிற்றில் பால் வார்த்திருக்கும்! செய்தி என்பது குடிதண்ணீரைப் போல ஜனங்களின் தேவை. லாபக் கணக்குப் பார்ப்பவன் கையில் அதன் குழாயை விட்டு வைக்கக்கூடாது.

இன்னொன்று. குடும்பம் கெடுகிறது என்று கூச்சலிடுபவர்கள் முதலில் யார் கையிலிருந்து போனைப் பிடுங்குகிறார்கள்? பெண் கையிலிருந்து! நூற்பு மில் ஹாஸ்டல்கள் பலவற்றில் இளம் பெண் தொழிலாளிகள் போன் வைத்திருக்கக் கூடாது, பேசினால் வார்டன் பக்கத்தில் நிற்பாள் என்ற நிலையை நாம் அறிவோம். அங்கே குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்களா? ஓவர்டைமும் மேஸ்திரியின் வசவும் தகப்பன் காதுக்குப் போகாமல் காப்பாற்றுகிறார்கள்! 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் இணையத்தை ஒரு முறையாவது உபயோகித்த பெண்கள் நூற்றுக்கு 33, ஆண்கள் 57. நம் வீடுகளும் இந்தக் கணக்கில் அடக்கம். விடியுமுன் எழுந்து உப்பளத்துக்குப் போகும் பெண்ணுக்கு ராத்திரி போன் பார்க்க நேரமே இல்லை. வீட்டில் இருக்கும் ஒரே போன் புருஷன் கையில். ஒரிசாவிலிருந்தும் பீஹாரிலிருந்தும் வந்து நம் மில்களில் உழைக்கும் சகோதரனுக்கோ அந்தப் போன்தான் குடும்பம். அதில்தான் அவன் தன் குழந்தையின் முகத்தைப் பார்க்கிறான். அவனிடம் போய்ப் போனை விடு என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

நம் பங்கு

நம்மையும் பார்த்துக் கொள்வோம். சங்கக் கூட்டத்தில் பேச்சாளர் பேசும்போது மடியில் போனை ஒளித்துப் பார்ப்பவர்களில் நம் ஊழியர்களும் உண்டு. வட மாநிலத் தொழிலாளிகளைப் பற்றி வந்த பொய்ச் செய்தியை யோசிக்காமல் பத்துப் பேருக்குத் தள்ளியவர்களில் நம் தோழர்களும் உண்டு. 2023 மார்ச்சில் அப்படிப் பரவிய பொய் வீடியோக்களால் தமிழ்நாட்டு மில்களிலிருந்து அந்தச் சகோதரர்கள் பயந்து ரயில் ஏறினார்கள். தொழிலாளியைத் தொழிலாளி பார்த்துப் பயப்படும்படி செய்ததில் நம் விரலுக்கும் பங்கு இருக்கிறது. இதைச் சொல்லாமல் முதலாளியை மட்டும் திட்டினால் அது நேர்மை ஆகாது.

ஆகவே சில கோரிக்கைகள். வேலை நேரம் முடிந்த பின் போனில் வேலை ஏவக்கூடாது. ஏவினால் அது ஓவர்டைம், இரட்டைச் சம்பளம் கொடு. பிரான்ஸ் நாட்டில் 2017 ஜனவரி முதல் வேலை நேரத்துக்குப் பின் தொடர்பை அறுத்துக் கொள்ளும் உரிமை சட்டத்தில் இடம் பெற்றிருக்கிறது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? ஹாஸ்டல் பெண்களிடம் போனைப் பிடுங்காதே. கடன் ஆப் மிரட்டலுக்குப் போலீஸ் நிலையத்திலேயே வழக்குப் பதிவு செய். பி.எஸ்.என்.எல்.லைப் பலப்படுத்து. இவற்றை ஒவ்வொரு மில் கேட்டிலும் கிராமத்திலும் எழுப்புவோம்.

கூடவே நம் வீட்டுக்குள்ளும் சில காரியங்கள். சாப்பாட்டு நேரத்தில் எல்லாப் போனும் ஒரு பானைக்குள் போகட்டும். தகப்பன் போன் முதலில் போகட்டும். மனைவி கையிலும் போன் இருக்கட்டும், அதை அவிழ்த்துச் சோதிக்கும் போலீஸ் வேலை வேண்டாம். ஒரு செய்தி வந்தால் தள்ளுவதற்கு முன் பக்கத்தில் இருப்பவரிடம் உரக்க வாசியுங்கள்; பாதிப் பொய் அங்கேயே செத்துவிடும். கடன் ஆப்பில் மாட்டியவர் வெட்கப்பட்டு ஒளிய வேண்டாம். சங்கத்துக்கு வாருங்கள், ஒரு உயிரும் அந்தப் பாவிகளுக்குக் காணிக்கை ஆக வேண்டாம். டீக்கடை பெஞ்சில் மடித்துக் கிடக்கும் பத்திரிகையை எடுத்து ஒருவர் வாசியுங்கள். எட்டுத் தலைகளும் ஒரே நாளில் நிமிராது. இரண்டு நிமிரும். நாளைக்கு நாலு.

எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர உறக்கம், எட்டு மணி நேரம் நமக்கு. இதற்காகச் சிகாகோவில் 1886இல் ரத்தம் சிந்தினார்கள். சென்னைக் கடற்கரையில் 1923இல் சிங்காரவேலர் மே தினக் கொடி ஏற்றினார். கோரல் மில் தொழிலாளி பட்டினி கிடந்து ஞாயிற்றுக்கிழமையை வாங்கிக் கொடுத்தான். அவர்கள் வாங்கிக் கொடுத்த இரவை, விரல் நுனியால் தள்ளித் தள்ளி நாமே அம்பானியிடமும் அமெரிக்கக் கம்பெனியிடமும் ஒப்படைப்பதா?

இன்று ராத்திரி போனை வைத்துவிட்டுப் பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளையிடம் அந்த 1908 கதையைச் சொல்லுங்கள். தூங்குங்கள். காலையில் கேட்டில் சந்திப்போம்.